எட்டு நிமிடப் பாதை

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை கோணாமலையின் சட்டைப் பையில் இரண்டு சிவப்பு எச்சரிக்கைத் துண்டுகளை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். இன்றைக்கும் அவை அதே பையில்தான் இருக்கின்றன. சட்டையைத் தோய்க்க எடுத்த அவன் மனைவி பூரணம் அவற்றைக் கண்டாள். இங்கிலீசு வாசிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரிந்தது. சட்டை காய்ந்ததும் ஒன்றும் கேட்காமல் திரும்பவும் பையிலேயே வைத்துவிட்டாள். பூரணம் கேட்காமல் விடுவது கேட்பதைவிட மோசம் என்று பதினாறு வருடமாகக் கோணாமலைக்குத் தெரியும்.

சிவப்புத் துண்டின் கதையை மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் ஆண்டு நடக்கிறது. யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஓடிய சனத்தில் பாதி திரும்பிவிட்டது; வெள்ளைக்காரப் பட்டாளம் நாலு மடங்காகத் திரும்பிவிட்டது. துறைமுகத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் முகாம். அந்த முகாம்களுக்கு வரும் பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கக் குத்தகை எடுத்த கொம்பனியை ஊரார் பெட்டிக் கொம்பனி என்கிறார்கள். அதற்கு நீளமான இங்கிலீசுப் பெயர் ஒன்றும் உண்டு. அதை எழுதி மையை வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

கொம்பனி மனேச்சர் பிரம்லி துரை மூன்று கிழமைக்கு முன் ஓர் அட்டவணை போட்டார். ஒவ்வொரு லொறிக்கும் ஒரு சாரதி, நாற்பத்து மூன்று இடங்கள். ஓர் இடத்தில் மூன்று நிமிடம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்துக்குக் கொம்பனிக் கந்தோர் வாசலில் வந்து நிற்கவேண்டும். வழியை அளக்கத் துரை தன் சின்னக் காரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பார்சலும் இல்லாமல், சீனன்குடாவில் உள்ள கிளப் வரைக்கும் போய் வந்தார். மிச்ச வழியை மேசையில் வரைபடத்தை விரித்து நூல் பிடித்து அளந்தார்.

புதன்கிழமை தோறும் துரை மணிக்கூட்டோடு தானே வாசலில் நிற்பார். மற்ற நாட்களில் நாலு மணிக்கே அவர் கிளப்புக்குப் போய்விடுவதால் யார் பிந்தினாலும் காண ஆள் இல்லை. இரண்டு புதன்கிழமை கோணாமலை ஒன்றரை மணித்தியாலம் பிந்தினான். இரண்டு சிவப்புத் துண்டு. அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அவன் எங்கோ ஒளித்து நின்று பட்டாளத்துப் பெற்றோலை விற்கிறான் என்று துரை முடிவு கட்டினார். பெற்றோலை அளந்து பார்த்தார்கள். ஒரு சொட்டும் குறையவில்லை. அப்படியானால் இது மிகவும் கெட்டித்தனமான களவு என்றார் துரை. இப்படிப்பட்ட மூளைகளை நம்பித்தான் யுத்தம் நடக்கிறது.

மூன்றாவது துண்டு விழுந்தால் கோணாமலையின் சாரதி உரிமைப் பித்தளை வில்லையைப் பறித்துக்கொண்டு, பெற்றோல் கள்ளன் என்று இராணுவப் பொலிசுக்குக் கடிதம் போகும். யுத்த காலத்தில் அதற்கு மறியற்சாலைதான்.

இன்றைக்குப் புதன்கிழமை.

*

மனையாவெளியில் அவர்களுக்கு ஒரு வளவு, இரண்டு வீடு, சமைக்க ஒரே குசினி. முன்வீட்டில் கோணாமலையும் பூரணமும். பின்வீட்டில் அவன் தங்கை யோகம்மாவும், ஏழு மாதத்துக்கு முன் அவளைக் கட்டிய தவராசாவும். தவராசா கொழும்பு, கொட்டாஞ்சேனைக்காரர். பெட்டிக் கொம்பனியில் கிளாக்கர். துரை சொல்வதைச் சாரதிகளுக்குத் தமிழாக்குவதும், சாரதிகள் சொல்வதைத் துரைக்கு இங்கிலீசாக்குவதும் அவர் வேலை. திருகோணமலையில் அவர் பார்த்திருப்பது கந்தோர், சந்தை, காளி கோயில், கடற்கரை. மிச்சத்தைப் பார்க்க அவருக்கு அவசியம் வரவில்லை.

அட்டவணையைத் தட்டெழுத்தில் அடித்தவரும் தவராசாதான். ஒரு பிரதியை வீட்டுச் சுவரில், இலட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

விடியற்காலையில் குசினியில் பிட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு அவர் சொன்னார்: "அத்தான், இன்னைக்காவது அஞ்சு மணிக்கு வந்துருங்க. துரை என்கிட்டதான் முகத்தைச் சுளிக்கிறார்."

கோணாமலை பிட்டைப் பிசைந்தான். பதில் பூரணத்திடமிருந்து வந்தது.

"துரைக்கு முகம் சுளிக்க நேரம் கிடைக்குது. எங்கட மனுசனுக்கு மூத்திரம் பெய்ய நேரம் இல்லை. அதையும் ஒருக்கா உங்கட தாளிலை அடிச்சு விடுங்கோவன், தம்பி."

"மச்சாள்! சாப்பிடேக்கை என்ன கதை இது?" என்றாள் யோகம்மா. "இவர் என்ன செய்யிறது? மற்ற றைவர்மார் நேரத்துக்கு வருகினம்தானே. அண்ணை துறையடியிலை ஆரோடையும் நிண்டு கதைக்கிறவராக்கும்."

"கந்தோர்க் கதை கந்தோரோட," என்று தவராசா கையை உயர்த்தினார். "வீட்ல வேணாம்னு சொல்லியிருக்கேன்."

இது அவர் போட்ட சட்டம். ஏழு மாதமாக அந்தக் குசினியில் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டம் மட்டும் இல்லாதிருந்தால் இந்த அத்தியாயத்தை நான் எழுதவேண்டி வந்திராது.

பூரணம் லொறி நிற்கும் இடம் வரைக்கும் வந்தாள். சாப்பாட்டுப் பொதியையும் ஒரு வெறும் சோடாப் போத்தலையும் ஆசனத்தில் வைத்தாள். போத்தல் எதற்கு என்று அவள் சற்று முன் குசினியில் சொல்லிவிட்டாள்.

"வாயைத் திறந்து துரைக்குச் சொல்லுங்கோவன். கள்ளன் எண்ட பேரோடை மறியலுக்குப் போகப் போறியளே?"

"சொன்னனான். இரண்டு தரமும் சொன்னனான்."

"என்னெண்டு?"

"பாதையாலை சுணங்குது எண்டு."

"அதுக்கு?"

"தம்பி இங்கிலீசிலை சொன்னவர். துரை சிரிச்சவர்."

"அதிலை என்ன சிரிப்பு?" என்றாள் பூரணம்.

கோணாமலைக்கும் அது விளங்கவில்லை. லொறியை எடுத்தான். புருசனின் வாய்ச்செத்த குணத்தை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு படலையைச் சாத்தினாள்.

*

கந்தோரில் பிரம்லி துரை புதுத் திட்டத்தோடு காத்திருந்தார். இன்றைக்குத் தவராசாவும் லொறியில் போவார். சாரதி எங்கே நிற்கிறான், யாரோடு பேசுகிறான் என்று நிமிடம் நிமிடமாக எழுதிக்கொண்டு வருவார். துரை தன்னுடைய கைமணிக்கூட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். வேலையைச் சரியாகச் செய்தால் அடுத்த மாதம் தலைமைக் கிளாக்கர் பதவி என்றும் சொன்னார். தவராசாவின் கழுத்துப்பட்டி தானாகவே நிமிர்ந்தது.

ஏறி இருக்கத்தான் இடம் இல்லை. உதவிக்கு வந்த முனாப் என்ற பெரியவரை மூன்று கிழமைக்கு முன் நிற்பாட்டிவிட்டு, அவர் ஆசனத்திலும் பார்சல் அடுக்கச் சொல்லித் துரைதான் உத்தரவு போட்டவர். அந்த உத்தரவைத் தமிழாக்கியவர் மடியில் ஒரு பெட்டி, காலடியில் இரண்டு பெட்டி, இடுப்புப் பக்கம் பூரணத்தின் சோடாப் போத்தல் என்று மடங்கி இருந்தார்.

முதல் இடம் உவர்மலையில் ஓர் அதிகாரிகள் விடுதி. வாசலில் காவல்காரன் லொறியை மறித்தான். பாஸைப் பார்த்தான். கோணாமலையின் முகத்தைப் பார்த்தான். பிறகு லொறிக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"இவன் புதுசா?" என்று தவராசா கேட்டார்.

"இல்லைத் தம்பி. ஒவ்வொரு நாளும் இவர்தான். ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்."

உள்ளே பார்சலுக்குக் கையெழுத்து வைக்கவேண்டியவர் குளித்துக்கொண்டிருந்தார். குளித்து முடித்து, துவாயோடு வந்து, பெட்டியை முகர்ந்து பார்த்தார். கேக் என்றார். மூன்று மாதம் கப்பலில் வந்த கேக். கையெழுத்து வைக்கப் பேனை இல்லை. பேனை எடுக்கப் போனவர் போனவர்தான்.

பதினாலு நிமிடம் என்று தவராசா எழுதினார். அட்டவணையில் மூன்று என்று அவர் கையாலேயே அடித்திருந்தது. 

இரண்டாவது இடத்தில் பதினொரு நிமிடம். மூன்றாவது இடத்தில் பார்சலுக்கு உரியவர் கப்பலேறிப் போய்விட்டார் என்று சொல்லவே எட்டு நிமிடம் பிடித்தது. கோணாமலை ஓரிடத்திலும் நடக்கவில்லை, ஓடினான். நாற்பது வயது மனுசன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவதை முகாமில் இருந்த சிப்பாய்கள் கைதட்டி வேடிக்கை பார்த்தார்கள். விட்ட நேரத்தை ஓடியும், வளைவுகளில் லொறியை விரட்டியும் பிடித்தான். இதைத்தான் துரை "முடியும், மனம் இருந்தால் முடியும்" என்று சொல்வது. ஒருவன் தன் உயிரைக் கொடுத்து மிச்சம் பிடிக்கும் நிமிடங்களை வைத்து அடுத்த நாளுக்கு இன்னும் இரண்டு பார்சல் ஏற்றுகிற வித்தைக்குத் தனியாகப் படிப்பு வேண்டுமாக்கும்.

சீனன்குடா தாண்டியதும் தவராசா நெளிந்தார்.

"அத்தான், கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"ஏன் தம்பி?"

"ஒண்ணுக்குப் போகணும்."

"அட்டவணையிலை எங்கை கிடக்கு? பாத்துச் சொல்லும், நிப்பாட்டுவம்."

கோணாமலை முகத்தில் சிரிப்பே இல்லை. தவராசா உண்மையாகவே அட்டவணையைப் புரட்டினார். பிறகுதான் விளங்கிற்று. கோணாமலை ஒரு பாலை மரத்தடியில் லொறியை நிறுத்தினான். இரண்டு நிமிடம் என்று அதையும் தவராசா எழுதவேண்டி இருந்தது, காரணத்தை எழுதவில்லை.

*

கிண்ணியாத் துறையடிக்கு வந்தபோது பத்தரை மணி. வீதி தண்ணீருக்குள் இறங்கி முடிந்துவிட்டது. முன்னால் வரிசையில் பட்டாளத்து லொறிகள் இரண்டு நின்றன. கோணாமலை எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பொதியை எடுத்தான்.

தவராசா எட்டிப் பார்த்தார். முன்னால் நீர், அதற்கு அப்பால் தென்னைகள்.

"ஏன் நிப்பாட்டினீங்க? பாதை எங்க?"

"அந்தா. அக்கரையிலை நிக்குது."

"எது நிக்குது?"

"பாதை."

"பாதை எப்பிடி அத்தான் நிக்கும்?"

"இப்ப வரும், தம்பி. இருந்து கொஞ்சம் சாப்பிடும்."

தவராசா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். வெயிலில் மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். "பாதை வருமா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஹிஸ்புல்லா இதைக் கேட்டுவிட்டார். அந்தத் துறையில் பதினெட்டு வருடமாகக் கயிறு இழுப்பவர் அவர். "வராம என்ன செய்யும் தொர? நாங்க இழுத்தா வரும். நீங்க வந்து இழுத்தாலும் வரும்!" என்று சொல்லிச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அக்கரையிலிருந்து ஒரு மிதவை புறப்பட்டது. பலகை அடித்த அகலமான மிதவை. மேலே ஒரு லொறி, இரண்டு மாடு, பத்துப் பதினைந்து சனம். ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க அது அசைந்து அசைந்து வந்தது.

"அந்தா வருது பாதை," என்றான் கோணாமலை.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பாதை. ஆறு, களப்பு, தொடுவாய் எதுவாக இருந்தாலும், வாகனத்தை ஏற்றி அக்கரைக்கு இழுத்துவிடும் மிதவைக்குப் பாதை என்றுதான் சொல்வோம். நடக்கிற வழிக்கு வீதி, தெரு, ஒழுங்கை என்று வேறு சொற்கள் இருக்கின்றன. இது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கொட்டாஞ்சேனையில் களப்பு இல்லை.

தவராசாவின் முகம் வெளுத்தது. இரண்டு மாதத்துக்கு முன் கந்தோரில் ஒவ்வொரு சாரதியிடமும் வழி விவரம் கேட்டு ஒரு படிவம் நிரப்பினார்கள். கோணாமலை சொன்னான்: "கிண்ணியாவிலை பாதை இருக்கு. எட்டு நிமிசத்திலை அக்கரை." தவராசா அழகான எழுத்தில் இங்கிலீசில் எழுதினார்: ரோட் உண்டு, எட்டு நிமிடம். வரைபடத்தில் அந்த இடத்தில் நீலநிறம் இருப்பதைத் துரை கண்டார்தான். பாலம் இருக்குமாக்கும் என்று நினைத்தார். போய்ப் பார்க்கவில்லை. ஏன் போகவேண்டும்? அதற்குத்தானே அட்டவணை.

"நான்... ரோட்னு எழுதிட்டேன், அத்தான்," என்றார் தவராசா. "நீங்க பாதையால சுணங்குதுன்னு சொன்னப்பவும் ரோட் மோசம்னுதான் துரைகிட்ட சொன்னேன். எல்லாருக்கும் அதே ரோட்தானேன்னு அவர் சிரிச்சார்."

கோணாமலை வாயில் வைத்த பிட்டை விழுங்கவில்லை. முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பையில் கிடந்த இரண்டு துண்டும் நினைவு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு கிழமையாகக் கள்ளன் என்ற பெயரைச் சுமந்தது இந்த ஒரு சொல்லுக்காகவா என்று அவனுக்கு நெஞ்சு எரிந்தது.

"அப்ப இண்டைக்குத் துரையிட்டைச் சொல்லுவீர்தானே?"

"சொல்றேன். கட்டாயம் சொல்றேன்."

பட்டாளத்து லொறிகளுக்குத்தான் முதல் இடம். பட்டாளத்தின் பார்சலை ஏற்றிய லொறிக்கு அந்த மரியாதை கிடையாது. அது கொம்பனி லொறி; கொம்பனியிலும் இந்தத் துறையைக் கடக்கிற லொறி இது ஒன்றுதான். போக ஐம்பது நிமிடம், திரும்பி வர நாற்பது. மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவராசா இரண்டையும் பார்த்தார். ஒன்றரை மணித்தியாலம், ஒரு நிமிடமும் கூடக் குறையவில்லை. கோணாமலை வழக்கம்போல் துறையடிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் வெள்ளை மையில் பெரிய இங்கிலீசு எழுத்துகள். அவை என்ன சொல்கின்றன என்று ஹிஸ்புல்லா ஒருநாள் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்பது மாதமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றால் லொறியின் டயரும் வாசிக்கப் பழகியிருக்கும்.

*

நிலாவெளிப் பக்கத்தையும் முடித்துக்கொண்டு கந்தோர் வாசலுக்கு வந்தபோது மணி ஆறரை. துரை வாசலில் நின்றார். தவராசாவிடமிருந்து மணிக்கூட்டை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னார். மேசையில் வரைபடம் விரித்தபடி கிடந்தது. அதன்மேல் மூன்றாவது சிவப்புத் துண்டு தயாராக இருந்தது.

"எங்கே போனான்?" என்று துரை இங்கிலீசில் கேட்டார்.

"நேராகத்தான் போனார், சேர். வேறெங்கும் போகவில்லை."

"பிறகு ஏன் பிந்தியது?"

தவராசா துரையின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். துரையின் பின்னால் தலைமைக் கிளாக்கரின் கதிரை காலியாகக் கிடந்தது. கைபிடி வைத்த கதிரை. படிவத்தில் ரோட் என்று எழுதியவர் யார் என்ற கேள்வி அடுத்ததாக வரும் என்று அவருக்குத் தெரியும்.

"சொல்லும், தம்பி," என்றான் கோணாமலை. "பாதையாலை."

தவராசா துரையின் பக்கம் திரும்பினார்.

"ரோட், சேர்," என்றார். "ரோட் மோசம் என்று சொல்கிறார்."

கோணாமலைக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் ரோட் என்ற சொல்லைத் தெரியாத சாரதி உலகத்தில் இல்லை. திரும்பி மச்சானைப் பார்த்தான். தவராசா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துப்போன மனுசனுக்கு ஆத்திரம் வர நேரம் எடுக்கும். கோணாமலைக்கு அப்போதுதான் வந்தது.

துரை பேனையைத் திறந்தார்.

"நோ ரோட், சேர்," என்றான் கோணாமலை.

கந்தோரில் அவன் இங்கிலீசு பேசி யாரும் கேட்டதில்லை. துரையின் கை நின்றது. கோணாமலை மேசைக்குக் கிட்டப் போய், எண்ணெய்க் கறை படிந்த விரலை வரைபடத்தில் அந்த நீலநிறத்தின் மேல் வைத்தான்.

"ஃபெரி," என்றான். "கோ, வன் அவர். கம், வன் அவர். ஃபெரி, சேர்."

துறையடிப் பலகையில் பழகிய அந்தச் சொல்லோடு அவனிடம் இருந்த இங்கிலீசு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. துரை நீலத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கடைசியில் தவராசாவைப் பார்த்தார்.

"அங்கே ஃபெரியா இருக்கிறது?"

"ஃபெரியும் இருக்கிறது, சேர்," என்றார் தவராசா. அந்த "உம்" விகுதி ஒன்றுக்காகவே அவரைக் களப்பில் தள்ளிவிடலாம்.

துரை மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களாக இருக்கவேண்டும். அவர் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஐந்து மணி மாறாது. அதைக் குத்தகையில் எழுதிக் கொடுத்தாயிற்று. நாற்பத்து மூன்று இடமும் மாறாது. ஆகவே ஃபெரியால் பிந்திய தொண்ணூறு நிமிடத்தையும் மற்ற இடங்களில் இருந்து கழிக்கவேண்டும். கழித்தால் நாற்பத்து மூன்று இடத்துக்கும் சேர்த்து முப்பத்தொன்பது நிமிடம் மிஞ்சும். துரை திருப்தியோடு தாளை நீட்டினார்.

"ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாத்தான் நிக்கலாமாம்," என்று தவராசா மெதுவாகத் தமிழாக்கினார்.

கோணாமலை தாளை வாங்கவில்லை.

"துரையை நாளைக்கு என்னோடை வரச் சொல்லும்."

தவராசா மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். இந்த மச்சானை நம்பிப் பயனில்லை என்று கோணாமலைக்கு இதற்குள் விளங்கியிருந்தது. அவனே சொன்னான்: "யூ கம், சேர். டுமோரோ. லொறி."

துரையின் கழுத்து சிவந்தது. அறைக்கு வெளியே வந்து நின்ற மற்றச் சாரதிகள் நாலு பேரும் இதைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதைத் துரையும் கண்டார். ஆட்கள் பார்க்க, வரமாட்டேன் என்று சொல்ல ஒரு மனேச்சரால் முடியுமா?

"வருகிறேன். ஆறு மணிக்கு," என்றார். சிவப்புத் துண்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஐந்து மணிக்குத் திரும்பி வந்து காட்டுகிறேன். வந்துவிட்டால் இதை அவன் கையில் தருவேன் என்று அவனிடம் சொல்லு."

இதைத் தவராசா ஒரு சொல்லும் பிசகாமல் தமிழாக்கினார்.

*

வீட்டுக்குக் கோணாமலைதான் முதலில் வந்தான். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே துறையடிக் கதையைப் பூரணத்துக்குச் சொன்னான். "பாதை வருமோ எண்டு கேட்டவரே?" என்று அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அந்த வளவில் கேட்ட சிரிப்பு. யோகம்மாவும் வந்து கேட்டாள், அவளுக்கும் சிரிப்பு வந்தது. துறையடியில் கதைத்துக்கொண்டு நிற்கிறவர் என்று காலையில் அண்ணனைச் சொன்னது நினைவு வர, சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணை, என்னோடை கோவிக்காதையுங்கோ," என்றாள்.

நாளைக்குத் துரை லொறியில் வருவதைக் கோணாமலை சொன்னான். கந்தோரில் மச்சான் சொன்ன சொல்லை மட்டும் சொல்லவில்லை. தங்கச்சியின் சீவியத்துக்குள் அதைக் கொண்டுபோய்ப் போட அவனுக்கு மனம் வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் தவராசா வந்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டுக் குசினியில் கோணாமலைக்கு எதிரே இருந்தார். யோகம்மா இரண்டு சோற்றுக் கோப்பை வைத்தாள். அண்ணனுக்குச் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றினாள்.

"பாதையை ரோட் எண்டு எழுதினியளாம்?" என்று சிரித்தபடியே புருசனைக் கேட்டாள். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"நான் கொழும்பு ஆள்தானே," என்று அவரும் சிரிக்கப் பார்த்தார்.

"சரி, அது தெரியாமல் செய்தது. இண்டைக்குக் கண்ணாலை கண்டனீங்கள்தானே. துரை கேக்க என்ன சொன்னனீங்கள்?"

"துரைக்கு ஃபெரின்னு தெரிஞ்சுருச்சு."

"ஆர் சொன்னது?"

தவராசா கோணாமலையைப் பார்த்தார். கோணாமலை தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே திரும்பத் திரும்பப் பிசைந்தான். அண்ணன் எதையாவது மறைக்கும்போது இப்படித்தான் பிசைவான் என்று சின்ன வயதிலிருந்தே யோகம்மாவுக்குத் தெரியும்.

"அண்ணைக்கு இங்கிலீசு தெரியாது," என்றாள் அவள். "அண்ணையோ சொன்னவர்?"

கோணாமலை பிசைவதை நிறுத்தவில்லை. 

யோகம்மாவின் கையில் அகப்பை நிறையச் சோறு இருந்தது. அதைத் திரும்பவும் பானைக்குள் போட்டாள். மூடியை எடுத்து மூடினாள். எழும்பிப் போய்ப் பின்வீட்டுச் சுவரில் இருந்த அட்டவணையைக் கழற்றிக்கொண்டு வந்து, புருசனின் வெறும் கோப்பையில் வைத்தாள்.

"யோகம், பசிக்குது," என்றார் தவராசா.

"பாதை அக்கரையிலை நிக்குது," என்றாள் யோகம்மா. "வரும். இருங்கோ."